நல்லைநகர் நாவலரும் கஞ்சித்தொட்டியும்

நம் மரபினர் கூடும் அவைகளுள் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் பெயர் வழங்காத அவை அரிது. கார்காத்த வேளாண் குடியில் தோன்றியவர் என்பது பற்றி அவர் திருவுருவப் படத்துக்கு மாலை சாத்துகின்றோம். கார்த்திகை மகம் வந்தால் குருபூசை நடாத்துகின்றோம். இவை தக்கனவே. ஆயினும், அவர் யாது செய்தார் என நம் இல்லத்துச் சிறாரை வினவுமிடத்து, ஏடுகளை ஆராய்ந்து அச்சிட்டார், சைவத்தை வளர்த்தார் என்னும் இரண்டு விடைக்குமேல் மூன்றாவதொன்று வருதலில்லை. பாடஞ் சொல்லுந் தொழிலுடைய எமக்கு அம்மூன்றாவது விடையே பெரிதாகத் தோன்றுகின்றது. அவர் சைவப்பள்ளி ஒன்று வைத்தார்; அப்பள்ளியிற் கற்பித்த அறங்களை ஊரவரைக் கூட்டி ஊர்நடுவே செய்வித்தார்; பஞ்சம் வந்த காலத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். அவர் சரித்திரத்தை அவ்வழி பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம். பதிப்பாசிரியராகிய நாவலரைப் பற்றிப் பிறர் பலர் விரிவாக எழுதியிருத்தலின் அப்பகுதியை விரைந்து கடப்போம்.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், யாழ்ப்பாணத்து நல்லூரில், கந்தப்பிள்ளை என்பார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் கடைக்குட்டியாகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் ஆறுமுகம். தந்தையார் தமிழறிந்தவர், மகனுக்கு ஒன்பது வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அளவிலோ காலமாயினார். தமையன்மார் ஆதரவில் வளர்ந்த ஆறுமுகம், இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும் புலவர்பால் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். பன்னிரண்டாம் வயதளவில் யாழ்ப்பாணத்து வெசிலியன் மிஷனாருடைய ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையை ஒருசிறிது அறிந்தாலன்றிப் பின்வருவன விளங்கா. வெசிலியன் மிஷனார் 1814-ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816-ஆம் ஆண்டிலும் அங்கு வந்திறங்கினர். சில்லாண்டுகளுள் ஊர்தோறும் பள்ளிக்கூடங்களைக் கட்டினர். வட்டுக்கோட்டையில் 1823-ஆம் ஆண்டு தொடங்கிய செமினரி அக்காலத்துப் பெருங் கல்விச்சாலைகளுள் ஒன்று. அரசாங்க உத்தியோகம் வேண்டுவார்க்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் வேண்டுவார் மிஷன் பள்ளியின் படியேறவேண்டும். ஆதலின், வீட்டிலே திருநீறு தரித்துச் செல்லும் பிள்ளை பள்ளியிலே விவிலிய பாடம் ஒப்புவித்து மீள்வதாயிற்று. மிஷனார் கல்விக்குச் செய்த தொண்டை யாம் குறைத்துக் கூறோம். ஒழுங்கான வகுப்பு, அச்சிட்ட புத்தகம், மணியடித்தால் தொடங்கும் பாடம் ஆகிய இவையெல்லாம் அவர் கொணர்ந்தவை. சைவர் பக்கத்திலோ திண்ணைப்பள்ளி இருந்தது, ஏட்டுச்சுவடி இருந்தது, ஊரவர் ஒருங்கு கூடிச் சமயநெறியைக் கேட்டறிதற்கு ஓரிடமும் ஒரு நாளும் இல்லாதிருந்தன.

மிஷன் பள்ளியிற் கற்ற ஆறுமுகம் 1841-ஆம் ஆண்டு முதல் அங்கேயே ஆசிரியராயினார். பள்ளித்தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் அவர் தமிழறிவைக் கண்டு வியந்து, விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியில் அவரைத் துணையாகக் கொண்டார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னபட்டணத்துப் புலவர்க்குக் காட்டச் சென்றபோது, மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு நன்கு மதித்தார் என்பர். அந்நூல் 1850-ஆம் ஆண்டு அச்சேறிற்று. சைவத்துக்கு அரணாய் நின்றவர் விவிலியத்தின் தமிழுக்குக் கைகொடுத்தாரே என்று முகஞ்சுளிப்பார் நம்முள் இன்றும் சிலர் உளர். எமக்கு அஃது இழுக்காகத் தோன்றவில்லை. பிறர் வீட்டுச் சமையற்கட்டில் நின்று அடுப்பும் உலையும் நடக்கும் முறையை அறிந்துகொண்டவனே தன் வீட்டில் விருந்து செய்ய வல்லனாவன். மிஷனார் எவ்வாறு சனங்களைக் கூட்டுகின்றனர், எவ்வாறு பிரசங்கஞ் செய்கின்றனர், எவ்வாறு துண்டுப் பத்திரங்களை அச்சிட்டு வழங்குகின்றனர் என்பவற்றை அவர் அங்கிருந்தே கண்டார்.

கண்டதனைச் செய்தற்கு நாளும் வந்தது. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணையிலே வைத்தியலிங்கச் செட்டியார் கட்டுவித்த வைத்தீசுவரன் கோயிலில், சனங்கள் கூடிய நடுவே, இருபத்தைந்து வயதினராகிய ஆறுமுகம் முதற் பிரசங்கஞ் செய்தார். அன்று தொடங்கி வெள்ளிதோறும் மாலையில் அப்பிரசங்கம் நிகழ்ந்தது. அவரும் அவர் நண்பராகிய கார்த்திகேசையரும் மாறிமாறிப் பேசினர். பகலெல்லாம் பாதிரியார் பள்ளியிற் பாடஞ்சொல்லி, வெள்ளி மாலையிற் கோயிலில் நின்று சைவம் பேசுதல் எளிதன்று. ஒருபாற் சம்பளங் கொடுக்கும் எசமானர். மற்றொருபால் இவன் பாதிரியாருடைய ஆள் என்று ஐயுறும் ஊரார். இருவர்க்கும் நடுவே அவர் நின்றார்.

அப்பிரசங்கத்திற் புராணக் கதையைச் சுவைபட விரித்துச் சொல்லிவிட்டு எழுந்துபோதல் வழக்கமாயிருக்கவில்லை. கொலை, புலால், கள், சூது, பிறன்மனை விழைதல் ஆகிய குற்றங்களை எடுத்துக் கண்டித்தார். கோயிலிற் செய்யத்தகாதவை எவையெனக் கூறினார். கோயில் அதிகாரிகளின் பிழைகளையும் விட்டாரல்லர். கேட்டவர்க்கு அது புதிது. அதுகாறும் புராண படனத்திற்குச் செல்பவர் அருங்கதை கேட்கச் செல்வர். இனி அவர் தம்மைப்பற்றிக் கேட்கச் செல்வாராயினர். சினந்து திரும்பினாரும் பலராயிருத்தல் வேண்டும். அடுத்த வெள்ளியன்றும் பிரசங்கம் நிகழ்ந்தது என்பதே அவர் வெற்றி. ஒரு நாட் கூட்டத்தை எவரும் கூட்டலாம். பந்தலும் மேளமும் இருந்தாற் போதும். வாரந்தோறும் அதே இடத்தில் அதே பொழுதிற் கூட்டுதல் வேறு. நம் சங்கங்களின் விழாக்களைப் பல்லாண்டு கண்டுவருகின்ற யாம் இவ்வேறுபாட்டை நன்கறிவோம்.

1848-ஆம் ஆண்டு அவர் மிஷன் பள்ளிச் சம்பளத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறத்துட் புகாமல் நைட்டிகப் பிரமசாரியாய்த் தம் காலம் முழுவதையும் அதற்கே ஆக்கினார். மிஷன் பள்ளியில் உள்ளவாறே வகுப்புக்கள் பிரித்து, சமயம், தமிழ், கணிதம் முதலியன முறையே கற்பிக்கப்பட்டன. அரசினர் நன்கொடை மிஷன் பள்ளிகளுக்கே சென்றுகொண்டிருந்தது. சைவப்பள்ளிக்கு அது நெடுங்காலம் எட்டாதிருந்தது. பணத்துக்கு யாது வழி? ஈண்டுத்தான் பிடியரிசி வருகின்றது.

பிடியரிசியாவது, வீட்டிலே உலைக்கு அரிசி இடும்போது ஒரு கைப்பிடி எடுத்து ஒரு பானையிற் போட்டுவைத்து, பள்ளிக்கென வருவார்க்குக் கொடுத்துவிடுதல். செல்வர் பெருந்தொகை கொடுத்தால் அப்பள்ளி செல்வருடைய பள்ளியாகும். அவர் மனம் மாறினால் பள்ளியும் மாறும். வீடுதோறும் ஒரு பிடி வந்தால் அது ஊர்ப்பள்ளியாகும். மேலும், பொன்னும் பணமும் ஆடவர் கையின. அரிசிப்பானை பெண்டிர் கையது. கூட்டத்திற் பேசாத, கணக்கிற் பெயரெழுதப்படாத தாய்மார் நாடோறும் அடுப்படியில் நின்று அப்பள்ளியை நடாத்தினர் எனல் மிகையன்று. பசித்தவர் வீட்டிலும் அப்பிடி எடுக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணும்போது எம் நெஞ்சு நெகிழ்கின்றது.

பள்ளி தொடங்கியபின் பாடப்புத்தகம் வேண்டும். 1849-ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தம் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையுடன் சென்னபட்டணஞ் சென்றார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த சந்நிதானம் நாவலர் என்னும் பட்டத்தை அருளினர். ஊர் மீண்டு வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1850-ஆம் ஆண்டு முதலாகப் பாலபாடங்கள் வெளிவந்தன. பின் சைவ வினாவிடைகள். பின் இலக்கணச் சுருக்கம் முதலியன. பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் 1861-ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பட்டது. இவற்றை எல்லாரும் அறிவர்.

எம் கருத்துக்கு வேண்டுவது 1852-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனம் ஒன்றே. சேக்கிழார் பெருமான் விருத்தத்திற் பாடியதை, சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு, சிறுவரும் பெண்டிரும் தாமே படித்துணரத்தக்க உரைநடையில் நாவலர் எழுதி அச்சிட்டார். அதன்பின் அடியார் சரித்திரம் ஓதுவாரிடத்தும் புராணிகரிடத்தும் மட்டும் இருந்த நிலை மாறிப் பள்ளிப்பிள்ளையின் கைக்கு வந்தது.

அந்நூலில் நம் வேளாண் குடியினராகிய இளையான்குடிமாற நாயனார் சரித்திரம் ஒன்று. செல்வராயிருந்தபோது அடியார்க்கு அமுதூட்டியவர் வறியராயினார். அந்நாளில் ஒருநாள் நள்ளிரவு, கடுமழை, வீட்டிற் பிடியளவு அரிசியும் இல்லை. அடியார் ஒருவர் பசித்து வந்தார். பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிவரலாம் என்று மனைவியார் வழி கூற, நாயனார் இருளிலே கூடையுடன் சென்று, காலாற் தடவி வழியறிந்து, மிதந்த முளைநெல்லைக் கையாற் சேர்த்துக் கொணர்ந்தார். விறகில்லை, கூரையின் கழியை அறுத்துக் கொடுத்தார். கறியில்லை, குழியில் நட்டிருந்த சிறுகீரையைப் பறித்தார். வித்துநெல்லை உண்டுவிட்டால் மறுபோகம் இல்லையாம் என்பதனை வேளாளர் எவர்க்கும் விளக்கவேண்டுவதில்லை.

மற்றொன்று திருவீழிமிழலையில் நிகழ்ந்தது. மழை பொய்த்து நாடு வாடிய காலத்தில் அப்பரும் சம்பந்தரும் அவ்வூரில் இருந்தனர். இறைவர் இருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருள, அவர் அதனைக் கொண்டு பண்டம் வாங்கி, பறையறைவித்து அடியாரை அழைத்து ஊட்டினர். அப்பர் திருமடத்தில் உரிய காலத்தில் உணவு நடந்தது. சம்பந்தர் திருமடத்திலோ பொழுது தாழ்த்தது. காரணம் யாதெனின், சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையதாய், கடையில் வட்டங்கொடுத்து மாற்றவேண்டியதாயிருந்தது. பிள்ளையார் அதனை அறிந்து வருந்தி வேண்டிக்கொள்ள, பின்னர் வாசியில்லாக் காசு கிடைத்தது. இதனை அற்புதமென்று போற்றிவிட்டு அப்பாற் செல்வார் பலர். எமக்கோ அக்கதையில் மிக நுண்ணியதாகத் தோன்றுவது, பசித்தவர் ஒருநாழிகை காத்திருத்தலும் பெருங்குறையாக எண்ணப்பட்டமையேயாம்.

இக்கதைகளைச் சைவப்பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படித்தனர். 1852-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதினனாய் அவ்வசனத்தைப் படித்தவன் இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின் குடும்பமும் நிலமும் கடையும் உடையவனாய் இருப்பான்.

இடையிட்ட ஆண்டுகளைச் சுருங்கச் சொல்வோம். 1864-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பட்டது. மன்னாரையடுத்துப் பாழடைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டவேண்டுமென 1872-ஆம் ஆண்டில் நாவலர் வேண்டுகோள் விடுத்தார். அவ்வாண்டிலேயே, சைவப்பிள்ளைகள் ஆங்கிலத்தின்பொருட்டு மிஷன் பள்ளிக்குப் போகவேண்டாதிருத்தற்கு வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருளுதவி போதாமையால் அது நான்காண்டிற்குமேல் நிலைக்கவில்லை. 1876-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அந்த 1876-ஆம் ஆண்டுதான் தாது வருடம். தமிழ்நாட்டில் நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்குமேல் என்று கணக்கிட்டோர் கூறுவர். யாழ்ப்பாணமோ ஆறில்லாத நிலம். மழையும் கிணறுமே அதன் கதி. விளைநெல் போதாது, இந்தியக் கரையிலிருந்து தோணியில் வரும் அரிசியை நம்பியிருந்த நாடு. அக்கரையிலேயே அரிசி இல்லையெனின் இக்கரையில் விலை யாதாகும்? அதனோடு வாந்திபேதியும் பரவிற்று. பசியாற் சாவாரும் நோயாற் சாவாருமாய் ஊர்கள் அலமந்தன.

நாவலர்க்கு அப்போது ஐம்பத்துநான்கு ஐம்பத்தைந்து வயது. உடல் தளர்ந்திருந்தது. தாம் விரும்பித் தொடங்கிய ஆங்கிலப்பள்ளியை நடாத்தப் பணமின்றிச் சற்றுமுன்னரே மூடியவர். அவர் கையில் ஊர் முழுவதையும் ஊட்டுதற்குப் பொருள் இருந்ததில்லை. இருந்தவை மூன்று: முப்பதாண்டு அவர் பிரசங்கத்தைக் கேட்டுப் பழகிய சனம்; ஒரு பிடி எடுத்துவைத்துப் பழகிய வீடுகள்; ஓர் அச்சியந்திரம். அச்சிட்ட விண்ணப்பத்தால் ஊரவர்பாற் பொருள் வேண்டி, பணமும் நெல்லும் அரிசியும் சேர்த்து, வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்.

கஞ்சித்தொட்டி என்னும் சொல் நம்மவர்க்கு அயலானதன்று. சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை முதியோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குவர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவ்விடத்து மணியக்காரர் சத்திரத்திற் கஞ்சி வார்த்தமையால் வந்த பெயர் அது. சோறு ஆக்காமற் கஞ்சி காய்ச்சுவது ஏன் எனின், ஒருபடி அரிசி சோறாயிற் சிலர்க்கும் கஞ்சியாயிற் பலர்க்கும் போதும். பலநாட் பட்டினி கிடந்த குடலுக்குத் திடீரென வயிறு நிறைந்த சோறு ஊறு செய்யும், கஞ்சி தாங்கும். வாந்திபேதி பரவிய காலத்தில், கொதித்த நீரிற் காய்ச்சிய உணவே உணவு. ஒரு தொட்டி வைத்தல் என்பது அரிசி இருந்தால் முடிந்துவிடுங் காரியமன்று என்பதைத் திருவிழாக்களில் அன்னதானப் பொறுப்பு ஏற்றவர் அறிவர். விறகு, நீர், கலம், பரிமாறுவார், கணக்கெழுதுவார், நெரிசலில் முதியவரும் பிள்ளைகளும் மிதிபடாமற் காப்பார் ஆகிய இத்தனையும் வேண்டும். அன்னதானத்திற்கு அவை ஒருநாள் வேண்டும்; பஞ்சத்திற்கோ நாடோறும் வேண்டும். இன்று கஞ்சி வார்த்து நாளை இல்லை என்று சொல்லுதல், வந்தவர்க்கு வாராதிருந்ததினும் கொடிது.

கஞ்சி வார்த்ததோடு நாவலர் நின்றாரல்லர். வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த துவைனந் துரை பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் சனங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாது விட்டார் என வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். பதிப்பும் பாடசாலையும் அரசினர் பகையைத் தாங்க வலியனவல்ல என்று அறிந்தே அதனைச் செய்தார். கொடைக்குப் புகழ் கிடைக்கும். அதிபரைக் கண்டித்தலுக்குப் பகையே கிடைக்கும். தருமகர்த்தாக்கள் பலர் முன்னதைச் செய்து பின்னதை விடுவர். பசி நீங்கப் பயிர்த்தொழிலே வழியென்று கருதி, கீழைக்கரை நிலங்களிற் கமஞ்செய்வித்தற்குக் கூட்டு வர்த்தக முயற்சி ஒன்றிலும் நாவலர் ஈடுபட்டார்.

ஈண்டு ஒன்று இடையே சொல்லவேண்டும். வடலூரில் 1867-ஆம் ஆண்டு இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பேற்றினார். அவர் பாடல்களை அருட்பா என்றல் தகாதென நாவலர் எதிர்த்ததும், 1869-ஆம் ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை அப்பூசல் சென்றதும் பலரும் அறிந்தன. இரு பெரியோரையும் பின்பற்றுவார் இன்றும் அப்பழைய வழக்கையே மீண்டும் நடாத்துவாரேயன்றி, ஒருவர் வடலூரிலும் மற்றவர் பத்தாண்டு கழித்து வண்ணார்பண்ணையிலும் பசித்தார்க்கு உலை வைத்ததை ஒருங்குவைத்து நோக்குவார் இலர். வழக்கிற் சுவை மிகுதி போலும்.

நாவலர் சரித்திரத்தில் நம் சங்க இதழ் கூறாது விடத்தகாததும் ஒன்றுண்டு. சாதியாசாரத்தில் அவர் மிகக் கண்டிப்புடையவர். தாம் கற்ற நூல்களின் வழி நின்று அதனைத் தளர்த்தாது போற்றினார். தாம் எழுதியவற்றிலும் அதனை வைத்தார். அவர் காலத்துச் சைவப்பள்ளிகளின் வாயில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. மிஷனார் பள்ளியின் வாயில் அதனினும் அகன்றிருந்தது; அவ்வாயில் வழிச் சென்றவர் பலர் மீண்டாரல்லர். நம் குலத்துப் பெரியார் என்பதனால் இதனை மறைத்தலும், காலம் அத்தகையது என்று சொல்லி எளிதிற் கடந்துவிடுதலும் எமக்கு உடன்பாடல்ல. அக்காலத்திலேயே அதனை வேறுவிதமாக எண்ணியவர் வடலூரில் இருந்தார் என்பதை மேலே கண்டோம். இளையான்குடிமாறர் இருளில் வந்தவரை இன்ன குலத்தினர் என்று கேட்டறிந்தபின் வயலுக்குச் சென்றாரல்லர். அச்சரித்திரத்தை உரைநடையாக்கி ஊருக்கு அளித்தவர் நாவலரே. அவர் அளித்த நூலைக் கொண்டே அவர் கொண்ட கொள்கையை அளத்தல் அவர்க்குக் குறைவாகாது.

1879-ஆம் ஆண்டு மே மாதத்தில், இலங்கைச் சட்டநிருபண சபையில் தமிழர் பிரதிநிதியாயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அவ்விடத்துக்கு யாவரை அனுப்புவது என்னும் ஆராய்ச்சி எழுந்தபோது, நாவலர் மே மாதம் 22-ஆம் நாள் சைவப்பிரகாச வித்தியாசாலையில் ஊர்ப்பெருமக்களைக் கூட்டி, அப்போது இருபத்தெட்டு வயதினராயிருந்த பொன்னம்பலம் இராமநாதரை ஆதரித்தார். இராமநாதர் நியமனம் பெற்றார். பிள்ளைகள் பாடம் படித்த மண்டபம், ஊர் அரசியல் பேசும் மண்டபமும் ஆயிற்று.

அவ்வாண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, அவர் தம் கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். முப்பத்திரண்டு ஆண்டுகட்குமுன் தொடங்கிய இடமாகிய வண்ணார்பண்ணையிலேயே அது நிகழ்ந்தது. டிசம்பர் மாதம் 5-ஆம் நாள், கார்த்திகை மகத்தில், ஐம்பத்தேழாவது வயது நிரம்புமுன் சிவபதம் அடைந்தார்.

அவர் விட்டுச்சென்றவற்றைத் தொடர்ந்து செய்தற்கு யாழ்ப்பாணத்துச் சைவர் 1888-ஆம் ஆண்டிற் சைவ பரிபாலன சபையைக் கூட்டினர். மறு ஆண்டில் இந்துசாதனம் என்னும் பத்திரிகை தொடங்கிற்று. 1890-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி வண்ணார்பண்ணையில் அச்சபையின் பொறுப்பில் எழுந்தது. சைவப்பிள்ளைகள் தம் சமயத்தை விடாது ஆங்கிலம் கற்றற்கு அமைந்த கல்லூரி அது. பணமின்றி நாவலர் மூடிய சைவாங்கில வித்தியாசாலைக்கும் அதற்கும் இடைப்பட்ட ஆண்டுகள் பதினான்கு.